மயிலாப்பூருக்கு எட்டு கிலோ

தன் எடையை யாரும் உண்மையாகச் சொல்வதில்லை என்பது வஜீஹாவின் பன்னிரண்டு வருட அனுபவம். ஆகையால் சொன்ன எடையை அவள் அப்படியே எழுதுவதும் இல்லை. ஆண்களுக்கு ஆறு கிலோ சேர்ப்பாள். இளம்பெண்களுக்கு மூன்று. பெட்டிகளுக்கு ஐந்து, ஏனென்றால் பெட்டியின் எடையைச் சொன்ன பிறகுதான் அதற்குள் ஊறுகாய் பாட்டில் ஏறும். அடையாறில் விடியற்காலையில் ஓடுகிறவர்களுக்கு மட்டும் ஒன்றும் சேர்க்கமாட்டாள். அவர்கள் கேட்காமலே கிராம் சுத்தமாகச் சொல்லிவிடுவார்கள். மயிலாப்பூர் மாமிகளுக்கு எட்டு. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது, அவளே கண்டுபிடித்து அவளே நம்புகிற கணக்கு.

தேனாம்பேட்டையில் ஒரு கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் அவளுடைய ஆபீஸ். முதலாளி ரகுபதிக்குக் கட்டுமானத் தொழில். அதோடு நாலு சீட் விமானம் ஒன்றும் சொந்தமாக வைத்திருந்தார். அதில் யார் ஏறுகிறார்கள், எவ்வளவு பெட்ரோல், எவ்வளவு சாமான், எல்லாம் சேர்ந்து எத்தனை கிலோ என்று தாள் தயாரிப்பது வஜீஹாவின் வேலை. நாலு சீட் இருப்பதால் நாலு பேர் ஏறலாம் என்று உலகத்தில் எல்லோரும் நினைக்கிறார்கள். டேங்க் நிறைய பெட்ரோல் போட்டால் ஆளைக் குறைக்க வேண்டும், ஆளை ஏற்றினால் பெட்ரோலைக் குறைக்க வேண்டும் என்பதை ரகுபதிக்கே அவள் மாதத்துக்கு ஒரு முறை சொல்லவேண்டியிருந்தது.

ஆட்களை நிறுத்துப் பார்த்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை, எடை மெஷின் இருக்கிறதே என்று கேட்கலாம். மெஷின் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அதை வாங்கிய புதிதில் தி. நகரிலிருந்து வந்த ஒரு விருந்தாளி அம்மாளை அதில் ஏற்றியபோது, டிரைவர் டில்லிபாபு எண்ணைப் பார்த்துச் சிரித்துத் தொலைத்தான். அந்த அம்மாள் விமானத்தில் ஏறாமலே வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து விருந்தாளிகளை நிறுக்கக் கூடாது, பழையபடி போனில் கேட்டு எழுதினால் போதும் என்று ரகுபதி உத்தரவு போட்டார். மெஷின் காரின் டிக்கியில் கிடந்து பெட்டிகளை மட்டும் நிறுத்துக்கொண்டிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ரகுபதி வஜீஹாவைக் கூப்பிட்டார். அவர் ஆபீஸில் வரைபடம் போடும் ஸஹானாவின் அப்பா சுந்தரராமன் ராஜபாளையத்தில் மோசமாக இருக்கிறார். நேற்று சாயங்காலம் வரை பேசினாராம், இன்றைக்கு மூச்சு தட்டுத் தடுமாறுகிறதாம். மத்தியானத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதுரைக்குக் காலை விமானம் போயாகிவிட்டது, அடுத்ததில் இடமில்லை. நம்முடையதை அனுப்பு, மூன்று பேர் போகிறார்கள் என்று சொல்லி வைத்துவிட்டார். ஸஹானா, அவளுடைய அத்தை, அத்தையின் கணவர்.

வஜீஹா வாயில் பாதி பிஸ்கட்டோடு தாளை எடுத்தாள். ராஜபாளையம் பக்கம் ஒரு ஆலைக்காரர்களின் சின்ன ஓடுதளத்தில் இறங்க அனுமதி கிடைத்தது. ஆனால் அங்கே பெட்ரோல் கிடையாது. போகவும் வரவும் இங்கிருந்தே சுமந்தாக வேண்டும்: இருநூற்று அறுபத்துநாலு லிட்டர், அதாவது நூற்றுத்தொண்ணூறு கிலோ. விமானம் தூக்கக்கூடியது மொத்தம் நானூற்று எழுபது. ஆட்களுக்கும் சாமானுக்கும் மீதி இருநூற்று எண்பது.

அத்தை விஜயலக்ஷ்மிக்குப் போன் போட்டாள். மயிலாப்பூர்க் குரல், அழுது ஓய்ந்த குரல். தனக்கு அறுபத்துநாலு என்றார், கணவர் பத்ரிநாராயணனுக்கு எழுபத்தெட்டு என்றார். ஸஹானா தனக்கு ஐம்பத்தைந்து என்றாள். அப்பாவின் மூச்சுக்கு உதவும் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறாள், அது பத்து கிலோ இருக்கும், அதை விட்டுவிட்டுப் போக முடியாது. வஜீஹா வழக்கம் போல ஆறும் எட்டும் மூன்றும் ஐந்தும் சேர்த்தாள். பைலட் கேப்டன் ஸ்ரீநாத்துக்கு மட்டும் எழுபத்துநாலு, அது டாக்டர் சான்றிதழில் இருக்கிற எண். கூட்டினால் முந்நூற்று மூன்று. இருபத்துமூன்று கிலோ அதிகம்.

மறுபடி கூட்டினாள். அதே முந்நூற்று மூன்றுதான் வந்தது. ஸ்ரீநாத்தைக் கூப்பிட்டாள். அவன் மீனம்பாக்கத்தில் விமானத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். சின்ன ஓடுதளம், வெயில் ஏறினால் காற்று லேசாகி விமானம் எழும்ப இன்னும் தூரம் கேட்கும், ஆகையால் ஒன்பதரைக்குள் கிளம்பியாக வேண்டும், ஒரு கிலோ கூட அதிகம் ஏற்றமாட்டேன் என்றான். பெட்ரோல் லாரி எட்டேகாலுக்கு வரும், அதற்குள் எத்தனை லிட்டர் என்று சொல்லிவிடு என்றான்.

விடை சுலபமாகத்தான் இருந்தது. சாகப்போகிறவர் ஸஹானாவுக்கு அப்பா, விஜயலக்ஷ்மிக்கு அண்ணன். பத்ரிநாராயணன் அவருக்கு வெறும் மைத்துனர். அவர் வீட்டில் இருந்துகொள்ளலாம். வஜீஹா அதைத்தான் போனில் பக்குவமாகச் சொன்னாள்.  பிறகு விஜயலக்ஷ்மி சொன்னார்: "அப்போ நானும் வரலை. ஸஹானா மட்டும் போகட்டும்."

வஜீஹாவுக்குக் கோபம் சுள்ளென்று வந்தது. நாலு வருடத்துக்கு முன் அவளுடைய வாப்பா இறந்தபோது அவள் பெங்களூர் ரயிலில், காட்பாடி தாண்டி நின்றுபோன ஒரு பெட்டியில் உட்கார்ந்திருந்தாள். முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் கை கால் ஓரிடத்தில் நிற்காது. இங்கே ஒரு அம்மாவுக்கு வாசலில் விமானம் நிற்கிறது, புருஷனை ஒரு பகல் பிரிய முடியாதாம். இது என்ன கல்யாணமாகி ஆறு மாதமா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே படியிறங்கினாள்.

டில்லிபாபு காரை எடுத்தான். ஆழ்வார்பேட்டை சிக்னலில் நின்றார்கள். அவள் தாளை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலால் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தாள். அடுத்த சிக்னலிலும் நின்றார்கள். பள்ளிக்கூட வேன்களும் ஆட்டோக்களும் வழியை அடைத்துக்கொண்டிருந்தன. ஸ்ரீநாத்தின் செய்தி வந்தது: எத்தனை லிட்டர்? அவள் பதில் போடவில்லை. ஸஹானா அழுதுகொண்டே கூப்பிட்டாள். அத்தை இல்லாமல் தான் மட்டும் போய் அப்பா முகத்தில் எப்படி விழிப்பது, அவர் நேற்று முழுக்க விஜி வந்தாளா, விஜி வந்தாளா என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். வஜீஹா ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"இன்னா மேடம், ஏசி வேலை செய்லயா?" என்று கேட்டான் டில்லிபாபு.

"வேலை செய்யாதது ஏசி இல்ல" என்றாள்.

கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் இரண்டாம் மாடி. டிக்கியைத் திறந்து எடை மெஷினை மேலே தூக்கிவரச் சொன்னாள். டில்லிபாபு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான், பிறகு தோளில் தூக்கிக்கொண்டான். சேர்த்து எழுதிய இருபத்திரண்டு கிலோவும் தேவையில்லை என்று தெரிந்தால், மீதி ஒரு கிலோவை எப்படியாவது குறைத்துக்கொள்ளலாம் என்பது அவள் நினைப்பு. ரகுபதியின் உத்தரவு ஞாபகம் இருந்தது. வேலை போனால் போகட்டும் என்கிற அளவுக்கு அவள் தைரியசாலி இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவளால் சும்மாவும் இருக்க முடியவில்லை.

ஹாலில் விஜயலக்ஷ்மி நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பட்டுக்கரைப் புடவை, கையில் பர்ஸ், காலில் செருப்பு. கிளம்பத் தயாரான பிறகு கிளம்பமாட்டேன் என்று உட்கார்ந்த கோலம். பத்ரிநாராயணன் பால்கனிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார், அதற்கு மேல் ஒரு கைத்தறித் துண்டு. ஸஹானா அந்த மூச்சு மெஷின் பையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள். அத்தையிடம் கெஞ்சி, சண்டை போட்டு, குரல் கட்டியிருந்தது. அத்திம்பேர் பத்ரிநாராயணனும் தன் பங்குக்கு, நீ போயிட்டு வா விஜி, ஒரு நாள் எனக்கு ரசம் வைக்கத் தெரியாதா என்று பத்து தடவை சொல்லிவிட்டாராம்.

வஜீஹா எடை மெஷினைக் கீழே வைக்கச் சொன்னதும் விஜயலக்ஷ்மி எழுந்துவிட்டார்.

"இதெல்லாம் வேண்டாம். எடுத்துண்டு போங்கோ."

வெட்கம் என்று வஜீஹா நினைத்துக்கொண்டாள். அறுபத்துநாலு என்று சொல்லிவிட்டு எழுபதைத் தாண்டப் போகிற வெட்கம், எத்தனை பார்த்திருக்கிறாள். அதைப் போக்க ஒரே வழிதான் அவளுக்குத் தோன்றியது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே ஏறி நின்றாள். விமானத்தைச் சோதித்துப் பார்க்கும் பயணங்களில் ஒரு ஆளாக அவளும் எப்போதாவது ஏறுவதுண்டு; அந்தத் தாள்களிலெல்லாம் அவளுடைய எடை எழுபத்தாறு. டில்லிபாபு பின்னால் நிற்கிறான், நாளைக்கு ஆபீஸ் முழுக்கச் சொல்லப் போகிறான் என்று தெரிந்தே சத்தமாகப் படித்தாள்.

"எண்பத்தெட்டு."

பர்தா ஒரு கிலோ இருக்கும் என்று சேர்த்துச் சொல்லலாமா என்று யோசித்தாள். சொல்லவில்லை. டில்லிபாபு இந்தத் தடவை சிரிக்கவும் இல்லை, சீலிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஸஹானா உடனே ஏறினாள்: ஐம்பத்தேழு. பை: பதினான்கு. விஜயலக்ஷ்மி தயங்கித் தயங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார்: எழுபத்துமூன்று. சொன்னதற்கு ஒன்பது கிலோ அதிகம். வஜீஹாவின் எட்டுக்கு இன்னும் ஒன்று மேலே.  மெஷினைக் கொண்டுவந்து லாபம் இல்லை, இதுவரை குறைந்தது ஒரே ஒரு கிலோதான்.

இனி பத்ரிநாராயணன்தான். எழுபத்தெட்டு என்று சொன்னதையே காட்டினால்கூட மொத்தம் இருநூற்றுத் தொண்ணூற்றாறு. பதினாறு கிலோ அதிகம். அவர் வந்தார். மெஷினின் எண் வஜீஹாவின் பக்கம் திரும்பியிருந்தது, அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஏறி நின்றதும் எண்கள் ஓடி நின்றன.

அறுபத்தொன்று.

இறங்கி மறுபடி ஏறச் சொன்னாள். மறுபடியும் அறுபத்தொன்று.

"மெஷின் மக்கர் பண்ணுதா மேடம்?" என்றான் டில்லிபாபு.

வஜீஹா நிமிர்ந்தாள். பன்னிரண்டு வருடமாக அவள் எடையைக் காதால் கேட்டே எழுதியவள். ஆளைப் பார்த்து எழுதியதே இல்லை. இப்போதுதான் பார்த்தாள். கழுத்துப் பட்டன் போட்டும் சட்டைக் காலருக்குள் இரண்டு விரல் நுழையும். முழுக்கைக்குள் மணிக்கட்டு ஒரு பையனுடையது போல இருந்தது. சட்டைக்குள் இரண்டு பனியன் தெரிந்தது, இந்த வெயிலில். மெஷின் நன்றாகத்தான் இருந்தது.

அவர் அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார். "எழுபத்தெட்டுன்னே எழுதிடும்மா. நான் இங்கயே இருந்துக்கறேன். அவளை எப்படியாவது ஏத்தி விட்டுடு. இந்த நம்பரை மட்டும் வாயத் திறந்து சொல்லிடாதே."

வஜீஹாவின் கையில் பென்சில் இருந்தது. எழுபத்தெட்டு என்று எழுதினால் அவர் வீட்டில் இருக்கவேண்டும். அவர் இருந்தால் அந்த அம்மா போகமாட்டார். அங்கே அண்ணன் விஜி வந்தாளா என்று கேட்டுக்கொண்டே போய்ச் சேர்வார். அறுபத்தொன்று என்று எழுதினால் எல்லோரும் ஏறலாம், ஆனால் ஏன் ஏற முடிந்தது என்று அந்த அம்மா கேட்பார். பெட்ரோலைக் குறைத்துவிட்டோம் என்று ஒரு பொய் சொல்லலாம். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் போன் அதிர்ந்தது, ஸ்ரீநாத்: லாரி வந்துவிட்டது, எத்தனை லிட்டர்?  இப்படி ஒரு தாளை இந்த ஆபீஸில் யாரும் எழுதியிருக்கமாட்டார்கள் என்று அவளுக்கு அழுகை வந்தது.

விஜயலக்ஷ்மி பக்கத்தில் வந்து நின்றார். மெஷினைப் பார்க்கவில்லை. கணவரையும் பார்க்கவில்லை. வஜீஹாவின் முகத்தைப் பார்த்தார்.

"அறுபதுக்கு மேல இருக்கோ?" என்று கேட்டார்.

வஜீஹாவுக்குக் கேள்வி புரியவில்லை. தலை மட்டும் ஆடியது.

"எவ்வளவு?"

"அறுபத்தொண்ணு, மாமி."

விஜயலக்ஷ்மி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். முகத்தில் முதல் தடவையாக ரத்தம் வந்தது. அவருக்குச் சந்தோஷம் என்று வஜீஹாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"அறுபதுக்குக் கீழே போனா நாளைக்கு ஊசி போட மாட்டேன்னு அந்த டாக்டர் சொன்னார்" என்றார். அது வஜீஹாவுக்குச் சொன்னதல்ல.

பத்ரிநாராயணன் இன்னும் மெஷின் மேலேயே நின்றுகொண்டிருந்தார்.  பிப்ரவரியிலிருந்து மூன்றாவது புதன்கிழமைதோறும் அடையாறு லைப்ரரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். மார்ச்சில் ஒரு நாள் மூக்குக்கண்ணாடியை மறந்து வைத்துவிட்டுப் போனார். கண்ணாடி இல்லாமல் என்ன படிப்பார் என்று அதை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் பின்னால் போனவர் விஜயலக்ஷ்மி. பஸ் ஸ்டாப்பில் இறங்கிய கணவர் எந்த வாசலுக்குள் நுழைந்தார் என்பதைப் பார்த்தார். டாக்டரைத் தனியாகப் பார்த்துப் பேசினார். அவர் மறைக்க ஆசைப்படுகிறார், மறைத்துக்கொள்ளட்டும் என்று வீட்டுக்கு வந்து, சட்டைகளின் பக்கவாட்டுத் தையலை அவர் குளிக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளித் தைத்தார். இதையெல்லாம் விஜயலக்ஷ்மி அப்போது நாலே வாக்கியத்தில் சொன்னார்; ஸஹானா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"போன்ல எழுபத்தெட்டுன்னது..." என்று ஆரம்பித்தாள் வஜீஹா.

"இவர் பக்கத்துல உக்காந்துண்டு இருந்தாரே. வேற என்ன சொல்லறது?" என்றார் விஜயலக்ஷ்மி. பிறகு கணவரிடம், "கீழே இறங்குங்கோ, நாழியாறது" என்றார்.

அவர் இறங்கினார்.  மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

வஜீஹா அவசர அவசரமாகக் கூட்டினாள். எழுபத்துநாலு, எழுபத்துமூன்று, ஐம்பத்தேழு, அறுபத்தொன்று, பை பதினான்கு. இருநூற்று எழுபத்தொன்பது. ஸ்ரீநாத்துக்கு, முழு பெட்ரோல் போடுங்க கேப்டன், மூணு பேரும் வராங்க என்றாள். கனமான ஆள் முன்னால் உட்கார்ந்தால்தான் விமானம் மூக்கைத் தூக்காமல் நேராக நிற்கும். ஆகையால் விஜயலக்ஷ்மி பைலட் பக்கத்தில், மற்ற இருவரும் பின்னால். எவ்வளவு சேர்த்திருக்கே என்று ஸ்ரீநாத் கேட்டான். அவளுடைய வழக்கம் அவனுக்குத் தெரியும்.

"ஒண்ணும் சேர்க்கல. எல்லாம் நிறுத்தது."

படியிறங்கும்போது விஜயலக்ஷ்மி எத்தனை மிச்சம் என்று கேட்டார். ஒரு கிலோ என்றாள் வஜீஹா. அவர் திரும்பி உள்ளே ஓடினார். ஒரு ஃபிளாஸ்க்கோடு வந்தார், அதில் கஞ்சி. டில்லிபாபு முகத்தைச் சுளிக்காமல் மெஷினை மறுபடி தரையில் இறக்கிவைத்தான். தொள்ளாயிரம் கிராம். வஜீஹா அதையும் எழுதினாள்.

ஒன்பது இருபத்தைந்துக்கு விமானம் கிளம்பியது. வஜீஹா தேனாம்பேட்டை ஆபீஸில் உட்கார்ந்தாள், எழுந்தாள், டீ வாங்கிவரச் சொன்னாள், குடிக்க மறந்தாள். மிச்சம் வெறும் நூறு கிராம். நிறுத்தது சரிதானே, மெஷினைத் தரையில் சமமாகத்தானே வைத்தோம் என்று நூறு தடவை கேட்டுக்கொண்டாள். பதினொன்று ஐம்பதுக்கு இறங்கிவிட்டதாக ஸ்ரீநாத் சொன்னான். பன்னிரண்டரைக்கு ஸஹானாவின் செய்தி: அப்பா கண்ணைத் திறந்து பார்த்தார், அத்தையிடம் இவ்வளவு நேரமா என்று கேட்டார். வஜீஹா அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு பாத்ரூமில் போய் நின்று, வாப்பாவுக்காகவும் சேர்த்து அழுதாள்.

நாலு மணிக்கு விமானம் அங்கிருந்து கிளம்பவேண்டும். ஸஹானா அங்கேயே இருக்கிறாள்; மறுநாள் காலை அடையாறில் ஊசி இருப்பதால் மற்ற இருவரும் வருகிறார்கள். திரும்பும்போது பெட்ரோல் பாதி தீர்ந்திருக்கும், ஆளும் குறைவு, எடையைப் பற்றிக் கவலையே இல்லை. இருந்தாலும் தாள் தாள்தான். வஜீஹா மூன்றரைக்கு விஜயலக்ஷ்மியைக் கூப்பிட்டாள். காலையில் பார்த்த எடையையே எழுதிக்கொள்ளலாம், கேட்கவேண்டிய அவசியம் இல்லை. கேட்டாள்.

பின்னால் யாரோ பேசுகிற சத்தம், ஒரு மின்விசிறியின் சத்தம். அண்ணா தூங்குகிறார், என் கையை விடமாட்டேன் என்றார், இப்போதுதான் விடுவித்துக்கொண்டு வந்தேன் என்றார் விஜயலக்ஷ்மி. இனி அவரைப் பார்க்கமாட்டேன், அது தெரியும், ஆனால் பார்த்துவிட்டேன் என்றார். பிறகு எடையைச் சொன்னார். கணவர் பக்கத்தில் இருக்கிறார் என்பது அவருடைய இருமலிலிருந்து தெரிந்தது. ஆனால் அந்த அம்மா குரலைத் தாழ்த்தவில்லை.

"எனக்கு எழுபத்திமூணு. இவருக்கு அறுபத்தொண்ணு. இப்பவாவது நான் பின்னாடி இவர் பக்கத்துல உக்காரலாமா?"

வஜீஹா கணக்குப் போட்டுப் பார்த்தாள். பை இல்லை, முன்னால் கேப்டன் மட்டும், உட்காரலாம் என்றாள்.

"அப்புறம் இன்னொண்ணு. நீ எல்லாருக்கும் சேர்ப்பியாமே, ஸஹானா சொன்னா. இவருக்கு அரைக் கிலோ சேர்த்துக்கோ. கஞ்சி முழுக்கக் குடிச்சார்."

குடித்த கஞ்சி மறுநாள் வரை எடையில் நிற்காது என்று வஜீஹாவுக்குத் தெரியும். ஃபிளாஸ்க் காலியாகியிருக்கும், அதைக் கழிக்கவேண்டும் என்பதும் தெரியும். சரி மாமி என்று சொல்லிவிட்டு, பத்ரிநாராயணன் என்ற பெயருக்கு நேரே அறுபத்தொன்றரை என்று எழுதினாள்.